நெடிய சாகச நூல் ஒன்றை உங்கள் குழுவுக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்று வேடம் ஏற்று ஆடும் மேசை ஆட்டங்களுக்காக அச்சில் வரும் நெடிய சாகச நூலை வாங்குவது, நாவல் வாங்குவது போன்ற எளிய காரியம் அன்று. நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தால் இழப்பு வாங்கியவருக்கு மட்டும்தான். சாகச நூலைப் பாதியில் கைவிட்டால், ஐந்து பேர் மாதக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரங்கள் நடுக்காட்டிலேயே நின்றுவிடுகின்றன. என் அலமாரியில் இத்தகைய நூல்கள் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் கடைசிப் பக்கம் வரை நாங்கள் ஆடி முடித்தவை இரண்டே. மற்ற ஏழும் மோசமான நூல்கள் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கிடைத்த நேரத்துக்கோ, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக இருந்த என் உழைப்புக்கோ, மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களின் சுவைக்கோ அவை பொருந்தவில்லை. ஆகவே எது சிறந்த சாகசம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எதை நம்மால் முடிக்க முடியும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்காக விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட நூல்களிலிருந்தும், சிலவற்றைப் பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் தொடர்களிலிருந்தும் எடுத்திருக்கிறேன். கதைகளின் இரகசியங்கள் ஆங்காங்கே வெளிப்படும். டன்ஜன் மாஸ்டராக அமரப்போகிறவர் முழுவதையும் படிக்கலாம். ஆட்டக்காரராக மட்டும் இருக்க விரும்புகிறவர் மூன்றாம் படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் படி: நாட்காட்டியைக் கணக்கிடுங்கள்

சாகச நூலின் பின்னட்டையில், அது கதாபாத்திரங்களின் வலிமையைக் குறிக்கும் எந்த நிலையில் தொடங்கி எந்த நிலையில் முடிகிறது என்று ஒரு வரி இருக்கும். அட்டையில் அச்சிட்ட விலையைவிட அந்த வரியே நூலின் உண்மையான விலையைச் சொல்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கூடும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 26 வாய்ப்புகள். தேர்வு, திருமணம், பண்டிகை, காய்ச்சல், அலுவலகத்தின் அவசர வேலை எல்லாவற்றையும் கழித்து 18 அமர்வுகள் நடந்துவிட்டால் அது மிகவும் ஒழுங்கான குழு. ஒவ்வோர் அமர்விலும் முதல் அரை மணி நேரம் தேநீருக்கும் ஊர்க்கதைக்கும் போய்விடும் என்பதால், ஆட்டத்துக்கென்று மிஞ்சுவது ஆண்டுக்கு 45 மணி நேரம். என் அனுபவத்தில் ஐந்தாம் பதிப்பில் ஒரு நிலை உயர மூன்று அல்லது நான்கு அமர்வுகள் ஆகின்றன. முதல் இரண்டு நிலைகள் விரைவாகக் கடந்துபோகும். ஐந்தாம் நிலைக்குப் பிறகு சண்டைகள் நீளுவதால் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

இந்தக் கணக்கை நூல்களின் மீது வைத்துப் பாருங்கள். லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர் 1 முதல் 5ஆம் நிலை வரை செல்லும். அதாவது நான்கு உயர்வுகள், ஏறத்தாழ 14 அமர்வுகள், ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் 1 முதல் 10 வரை செல்வதால் முப்பதுக்கு மேற்பட்ட அமர்வுகளைக் கேட்கும். நம் குழுவுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஆண்டு. வாட்டர்டீப் நகரத்தின் அடியில் 23 தளங்களாக இறங்கிச் செல்லும் டன்ஜன் ஆஃப் தி மேட் மேஜ் 5இல் தொடங்கி 20இல் முடிகிறது. மூன்று ஆண்டுகள் எடுத்துவைக்க வேண்டும். குழுவில் பள்ளி இறுதியாண்டு மாணவரோ, அடுத்த ஆண்டு வெளிநாடு செல்லவிருப்பவரோ இருந்தால், அந்தத் தேதியை முதலில் எழுதிக்கொண்டு அதற்குள் முடியும் நூலை மட்டும் பாருங்கள். ஒருவர் விலகியபின் மீதிப்பேர் தொடர்வார்கள் என்பது பெரும்பாலும் நடக்காத நம்பிக்கை.

இந்தக் கணக்கில் டன்ஜன் மாஸ்டரின் நேரம் சேரவில்லை. நன்றாக எழுதப்பட்ட நூலுக்குக்கூட ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னால் ஒன்றரை மணி நேரமாவது படித்துக் குறிப்பெடுக்க வேண்டியிருக்கும். வாரநாளில் அந்த நேரம் கிடைக்காதவர், பரந்த நிலப்பரப்பில் ஆட்டக்காரர் எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய நூலைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

இரண்டாம் படி: விதிகளும் வடிவமும்

இதை விரைவாகவே கடக்கலாம். குழு ஏற்கெனவே ஒரு விதிமுறையில் பழகியிருந்தால் அதற்கான நூலையே வாங்குங்கள். ஐந்தாம் பதிப்பின் விதிகள் 2024இல் திருத்தப்பட்டபோதும், அதற்கு முன் வந்த சாகசங்களை அந்தத் திருத்திய விதிகளில் ஆட முடியும். கதாபாத்திரங்கள் சற்று வலுவாக இருப்பார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் பதிப்பின் பெரும்பாலான சாகசங்கள் நான்கு முதல் ஆறு பேர் வரை கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூன்று பேரே இருந்தால் துணைக்கு ஓர் உடன்பயணியைச் சேர்ப்பதும், ஏழு பேர் இருந்தால் எதிரிகளைக் கூட்டுவதும் டன்ஜன் மாஸ்டரின் வேலையாகும்.

நேரில் கூடும் குழுவுக்கு அச்சு நூலே வசதி. விசார்ட்ஸ் நிறுவனத்தின் பெரிய சாகசங்களை மின்வடிவில் வேண்டுவோர் பெரும்பாலும் டி அண்ட் டி பியாண்ட், ரோல்20 போன்ற தளங்களின் வழியாகவே பெறுகின்றனர். ஒன்றில் வாங்கியது மற்றொன்றில் தானாகத் திறக்காது என்பதால், எந்தத் தளத்தில் ஆடப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்த பிறகு பணம் கட்டுங்கள். பைசோ தன் தொடர்களைப் பிடிஎஃப் கோப்புகளாகவும் விற்கிறது. பாத்ஃபைண்டர் விதிகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அச்சு நூலைத் தருவித்துப் பல வாரம் காத்திருக்க முடியாதவருக்கு இது பெரிய வசதி.

மூன்றாம் படி: ஆட்டக்காரர்களிடம் கேளுங்கள், ஆனால் நேராகக் கேட்காதீர்கள்

உங்களுக்கு எப்படிப்பட்ட சாகசம் பிடிக்கும் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: கொஞ்சம் சண்டை, கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் தேடல். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு காட்சிகளை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதிரியின் கோட்டைக்குள் இரவில் மதிலேறிக் குதிப்பது பிடிக்குமா, அவன் அனுப்பிய விருந்து அழைப்பை ஏற்று முன்வாயில் வழியாகப் போவது பிடிக்குமா? இரண்டு வார உணவைக் கணக்கிட்டுக் காட்டுக்குள் நுழைவது சுவையா, ‘பத்து நாளில் போய்ச் சேர்ந்தீர்கள்’ என்று டன்ஜன் மாஸ்டர் ஒரு வரியில் முடிப்பது சுவையா? தன் கதாபாத்திரம் ஒரு பொறியில் சிக்கி இறந்துபோனால் அன்றிரவே புதிதாக ஒன்றை உருவாக்க மனம் வருமா, அல்லது ஆட்டத்தையே விட்டுவிடத் தோன்றுமா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பல நூல்களை நீக்கிவிடும். எங்கள் குழுவில் அமைதியானவர் என்று நான் நினைத்திருந்த ஒருவர், தன் கதாபாத்திரத்துக்கு நான்கு பக்கம் முன்கதை எழுதி வைத்திருந்தார். அவரை அழைத்துக்கொண்டு கொலைப்பொறிகள் நிறைந்த ஒரு கல்லறைக்குள் நான் நுழைந்தது என் பிழை. பதில்களை எல்லோரும் கூடியிருக்கும்போது வாங்காமல், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாங்குவதும் முக்கியம். இல்லையெனில் உரக்கப் பேசுகிறவரின் சுவையே குழுவின் சுவையாகப் பதிவாகிவிடும்.

நான்காம் படி: கதையை விட்டுக் கட்டமைப்பைப் பாருங்கள்

பின்னட்டை எப்போதும் கதையைத்தான் சொல்லும்: காட்டேரி, பேய்கள், டிராகன், உலகின் அழிவு. ஆடும்போது நாம் உணர்வதோ கட்டமைப்பை. இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

எளிமையான அமைப்பு நேர்க்கோடு. ஓர் அத்தியாயம் முடிந்தால் அடுத்தது. டன்ஜன் மாஸ்டருக்கு வேலை குறைவு. ஆட்டக்காரர் வழிமாறினால் தடுமாற்றம் அதிகம். ஐந்தாம் பதிப்பின் முதல் பெருஞ்சாகசமாக 2014இல் வந்த ஹோர்ட் ஆஃப் தி டிராகன் குயின் இந்த வகை. அதில் கொள்ளையரின் புதையல் வண்டிகளைப் பின்தொடர்ந்து வணிகக் கூட்டத்தோடு வெகுதூரம் பயணம் செய்யும் பகுதி உண்டு. யாரேனும் ஒருவர் ‘நாம் ஏன் இந்த வண்டிகளை இங்கேயே மடக்கக் கூடாது’ என்று கேட்டால் நூலிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் கேள்வியை நிச்சயம் கேட்கக்கூடிய ஒருவர் உங்கள் குழுவில் இருப்பார்.

இதற்கு எதிர்முனை திறந்த நிலப்பரப்பு. 2016இல் வந்த ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூன்றாம் அத்தியாயம் வடபுலத்தின் ஊர்களையும் காடுகளையும் அகரவரிசையில் அடுக்கித் தருகிறது. ஊர்சுற்றிக் குழுவுக்கு அது விருந்து. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்க்கும் குழுவோ அந்த அத்தியாயத்தில் திசை தெரியாமல் தேங்கிப்போகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அரக்கர் பிரபுக்களின் ஐந்து கோட்டைகளை நூல் விரிவாக எழுதியிருந்தாலும், கதை முன்னேற அவற்றில் ஒன்றே போதும். வாங்கிய பக்கங்களில் கணிசமானவை மேசைக்கு வராமலே போகலாம். 2018இல் வந்த வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட் நூலிலும் இதே நிலைதான், நான்கு வில்லன்கள், நான்கு பருவங்கள், அவற்றில் நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒன்று. ஒரே நூலைப் பின்னர் வேறொரு குழுவுக்கும் நடத்த எண்ணுவோருக்கு இது இலாபம்.

இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது வேலியிட்ட நிலப்பரப்பு. கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் இவ்வளவு புகழ்பெற்றதற்குக் காட்டேரிக் கதையைவிட இந்த அமைப்பே காரணம் என்பது என் கருத்து. 1983இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் எழுதிய ரேவன்லாஃப்ட் என்ற சிறு சாகசத்தை விரித்து 2016இல் வெளிவந்த நூல் இது. பரோவியா என்னும் பள்ளத்தாக்கை மூடுபனி சூழ்ந்திருக்கிறது. உள்ளே வந்தவர் வெளியேற முடியாது. உள்ளே எங்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் போவதற்கான இடங்கள் எண்ணிக்கையில் அடங்குபவை. வில்லனான ஸ்ட்ராட் கடைசி அத்தியாயம் வரை ஒளிந்திருப்பதில்லை. தொடக்கத்திலிருந்தே வருகிறான், பேசுகிறான், விருந்துக்கு அழைக்கிறான். இவற்றோடு குறிசொல்லும் மேடம் ஈவா விரிக்கும் சீட்டுகள் ஐந்து: மூன்று அரிய பொருள்கள் எங்கே மறைந்துள்ளன, யார் துணைக்கு வருவார், ஸ்ட்ராடைக் கோட்டையில் எந்த இடத்தில் எதிர்கொள்ள நேரும் என்பவை அந்தச் சீட்டுகளால் தீர்மானமாகின்றன. இதனால் ஆட்டக்காரருக்குச் சுதந்திரமும் கிடைக்கிறது, இலக்கும் கிடைக்கிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது: மூன்றாம் நிலையில் இருக்கும் குழு, சூனியக்காரிகள் குடியிருக்கும் பழைய காற்றாலைக்குள் சாவகாசமாக நுழைந்து திரும்பாமலே போகலாம்.

பெருஞ்சுரங்கம் நான்காவது வகை. பாதாள அறைகளின் தளங்களே கதை. நேற்று யார் வந்தார், யார் வரவில்லை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடக்கூடியது என்பதால், வருகை ஒழுங்கற்ற குழுக்களுக்கு இதை நான் பரிந்துரைப்பேன். மேட் மேஜின் 23 தளங்கள் அச்சமூட்டினால், பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்காக 2021இல் வந்த அபாமினேஷன் வால்ட்ஸ் என்ற மூன்று தொகுதித் தொடரைப் பாருங்கள். ஒரு பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் தொடங்கும் அந்தச் சுரங்கம் அளவோடு நின்றுவிடுகிறது. பேச்சுவார்த்தையில் திளைக்கும் குழுவை இதற்குள் அழைத்துச் செல்லாதீர்கள்.

கடைசி வகை தொகுப்பு நூல். கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ் ஒரு கடலோர ஊரைச் சுற்றி ஏழு சாகசங்களைத் தருகிறது. 2022இல் வந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடலில் 13 சாகசங்கள் உள்ளன; அவற்றுள் மணிவர்ஷா என்ற இடத்தில் நிகழும் ஒன்றை எழுதியவர் இந்திய எழுத்தாளர் மிமி மண்டல். ஆறும் மழையும் மூடுபனியும் கொண்ட அந்த நிலத்தை நம் ஆட்டக்காரருக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒவ்வொரு கதையும் இரண்டு மூன்று அமர்வுகளில் முடிவதால், எங்கு நிறுத்தினாலும் அது கைவிடப்பட்ட ஆட்டம் ஆகாது. நெடிய சாகசம்தான் வேண்டும் என்ற ஆசையில் இருப்பவர்கள் இந்த வகையை ஏளனமாகப் பார்ப்பதுண்டு. முதல் கணக்கில் ஆண்டுக்குப் பத்து அமர்வுகளுக்கும் குறைவாக வந்தவர்கள் இதைத் தவிர வேறொன்றையும் வாங்கக் கூடாது.

ஐந்தாம் படி: குறை இருக்கும், எந்தக் குறை என்று தெரிந்து வாங்குங்கள்

200 பக்கத்துக்கு மேல் நீளும் எந்தச் சாகசமும் பழுதில்லாமல் இல்லை. உங்களால் சரிசெய்யக்கூடிய பழுதுள்ள நூலைத் தேர்ந்தெடுப்பதே இங்கு வேலை.

2017இல் வந்த டூம் ஆஃப் அனிஹிலேஷன் நூலை எடுத்துக்கொள்வோம். சுல்ட் என்னும் காட்டுத் தீபகற்பத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஆட்டக்காரரை ஆற்றிலும் சேற்றிலும் டைனோசர்களிடையே அலையவிடும் அருமையான பயணநூல் அது. ஆனால் கதையின் தூண்டுதலோ ஒரு மரணச் சாபம். முன்பு இறந்து உயிர்ப்பிக்கப்பட்டவர்கள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறார்கள். மனச்சாட்சியுள்ள ஆட்டக்காரர் என்ன செய்வார்? வழியில் தெரியும் இடிபாடுகளைப் புறக்கணித்துவிட்டு நேராக இலக்கை நோக்கி ஓடுவார். நூலின் சிறந்த பாதியை நூலின் கதையே தடுக்கிறது. சாபத்தின் வேகத்தைக் குறைப்பதாலோ, அந்தச் செய்தியைச் சில நிலைகள் கழித்து வெளியிடுவதாலோ இதைச் சரிசெய்யலாம். ஒரு மாலை நேர வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோர்ட் ஆஃப் தி டிராகன் குயின் விதிகள் முழுமை பெறுவதற்கு முன்பே எழுதப்பட்டது. அதன் முதல் அத்தியாயத்தில் முதல் நிலைக் கதாபாத்திரங்கள் டிராகன் தாக்கும் ஊருக்குள் நுழைந்து, வெல்லவே கடினமான ஒற்றைச் சண்டையையும் சந்திக்கிறார்கள். அதன் தொடர்ச்சியான நூலோடு சேர்த்து டிரனி ஆஃப் டிராகன்ஸ் என்ற பெயரில் பின்னர் வந்த பதிப்பையே வாங்குங்கள். டிராகன் ஹைஸ்ட் என்ற தலைப்பைப் பார்த்து, திட்டமிட்டுக் கொள்ளையடிக்கும் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து இலட்சம் பொற்காசு எங்கே ஒளித்துவைக்கப்பட்டுள்ளது என்று தேடும் நகரத்துக் கதை அது. அவுட் ஆஃப் தி அபிஸ் தொடங்கும்போது பத்து சக கைதிகளுக்கு டன்ஜன் மாஸ்டர் குரல் கொடுக்க வேண்டும். பலகுரலில் வல்லவருக்குக் கொண்டாட்டம், மற்றவருக்குத் தொண்டை வலி. தி வைல்ட் பியாண்ட் தி விட்ச்லைட் நூலைப் பெரும்பாலும் வாளை உருவாமலே ஆடி முடிக்கலாம். பகடை உருட்டிச் சண்டையிடவே வருகிறவருக்கு அது தண்டனை.

வாங்கும் முன் நூல் கைக்குக் கிடைத்தால் நான் செய்யும் சோதனைகள் மூன்று. முன்னுரையை மட்டும் படித்துவிட்டு, முழுக் கதையையும் ஐந்து வாக்கியங்களில் நண்பரிடம் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல முடியவில்லையென்றால் முன்னுரை தன் கடமையைச் செய்யவில்லை. ஆட்டக்காரர் ஒன்றுமே செய்யாவிட்டால் வில்லன் அடுத்து என்ன செய்வான் என்பதற்கு நூலில் விடை இருக்கிறதா என்று தேடுவேன். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ஓர் அறையில் யார் இருக்கிறார், என்ன இருக்கிறது, அவர் என்ன விரும்புகிறார் என்பதை அரை நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். மூன்று பத்தி வரலாற்றுக்குப் பின்னால் எதிரியை ஒளித்துவைக்கும் நூல், ஆட்டத்தின் நடுவே நம்மைத் தலைகுனிய வைக்கும்.

தமிழில் பேசி ஆடும் குழுக்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. இந்த நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், உரக்கப் படிக்கச் சொல்லிக் கட்டமிட்டிருக்கும் பத்திகளை டன்ஜன் மாஸ்டர் தம் சொற்களில் சொல்லிவிடலாம். செய்யுளாக வரும் துப்புகள்தான் சிக்கல். டூம் ஆஃப் அனிஹிலேஷனில் கல்லறைக்கு வெளியே பொறிக்கப்பட்டிருக்கும் வரிகள் உள்ளே தேவைப்படும் துப்புகள். பரோவியாவின் சீட்டுகளுக்கும் தனித்தனியே குறிசொல்லும் வரிகள் உண்டு. இவற்றை அந்த நேரத்தில் மனம்போனபடி மொழிபெயர்த்தால் துப்பு நழுவிவிடும். முன்கூட்டியே உட்கார்ந்து தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குறிசொல்லும் வரிகள் தமிழில் ஆங்கிலத்தைவிட நன்றாகவே ஒலிக்கும்.

ஆறாம் படி: செஷன் ஜீரோவும் மூன்று அமர்வு வெள்ளோட்டமும்

நூலை முடிவு செய்தபின் முதல் கூட்டத்தில் யாரும் பகடையைத் தொடக் கூடாது. செஷன் ஜீரோ என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் அந்தக் கூட்டத்தில் கதையின் முடிச்சை மறைத்து, அதன் தன்மையை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராடில் குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகள் உண்டு. 2020இல் வந்த ரைம் ஆஃப் தி ஃப்ராஸ்ட்மெய்டனில் முடிவில்லாப் பனிக்காலத்தில் சிக்கிய ஊர்கள் நரபலி கொடுக்கின்றன. இவற்றுள் எது மேசைக்கே வரக் கூடாது, எதைத் திரைக்குப் பின்னால் நடந்ததாகச் சொல்லி நகரலாம் என்று பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்று பேர் ஒரே விஷயத்தை வேண்டாம் என்றால், நூலையே மாற்ற வேண்டிய நேரம் அது. நல்ல வேளையாக இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை.

அதே கூட்டத்தில் கதாபாத்திரங்களையும் உருவாக்குங்கள், தனித்தனியே வீட்டில் உருவாக்கி வர விடாதீர்கள். ஒவ்வொருவரும் இந்தக் குறிப்பிட்ட சாகசத்துக்குள் நுழைய ஒரு காரணத்தோடு வர வேண்டும். சுல்டின் காட்டுக்குப் போகும் கதையில், கடலோரத் துறைமுகத்தைவிட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வணிகரை ஒருவர் உருவாக்கி வந்தால், முதல் அமர்வு முழுவதும் அவரைக் கெஞ்சுவதிலேயே கழியும். எனக்குக் கழிந்தது.

பிறகு மூன்று அமர்வுகளுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். புதிய குழுவாக இருந்தால் இந்த வெள்ளோட்டத்தை ஃபேன்டெல்வரின் முதல் பகுதியில் வரும், காப்ளின் என்னும் குட்டிப் பூதங்களின் குகையில் நடத்தலாம்; அது குறுகியது, சண்டையும் பேரமும் பதுங்கலும் மூன்றும் அதில் உண்டு, உங்கள் ஆட்டக்காரர் எதில் முகம் மலர்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். மூன்றாம் அமர்வு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள். உங்களை வருத்த விரும்பாமல் எல்லோரும் பிடித்திருந்தது என்றே சொல்வார்கள். அடுத்த முறை உங்கள் கதாபாத்திரம் எங்கே போக நினைக்கிறது என்று கேளுங்கள். நான்கு பேரில் மூவருக்காவது சட்டென்று பதில் வந்தால் அந்த நூலின் மீதி அத்தியாயங்களுக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கலாம். வராவிட்டால் நூலை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, முதல் படியில் எழுதிய கணக்குத் தாளை மீண்டும் எடுங்கள்.